கரையடைத்தாள் தலைநகர் வந்த கதை

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குப் பொழுது போகாமல் இருப்பதே குடிகளுக்குப் பெரிய ஆபத்தாக இருந்த காலத்தில், ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான். போருக்குப் போக எதிரி இல்லை. வேட்டைக்குப் போக முழங்கால் விடவில்லை. அதனால் காலையில் சபையைக் கூட்டி, தான் பார்த்திராத நாடுகளைப் பற்றி யாரையாவது சொல்லச் சொல்லிக் கேட்பார். மலை எங்கே, ஆறு எங்கே, எந்தக் கோயில் எப்படி வந்தது என்று எல்லாம் கேட்பார். கேட்டு முடித்ததும் ஓர் ஆசை வரும். போன மாதம் ஓர் அருவியைப் பற்றிக் கேட்டுவிட்டு, அதே போல் அந்தப்புரத்தில் ஒன்று வேண்டும் என்றார். அங்கே இன்னும் சுவர் காயவில்லை.

அந்த சபையில் சித்தாண்டி என்று ஒரு விகடன் இருந்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. ராஜா சிரிக்கும்போதெல்லாம் பிரதானி அனவரத பிள்ளைக்கு வயிறு எரியும். மற்றபடி பிள்ளைவாளுக்கு ஒரு குறையும் இல்லை. அரண்மனைக்கு எதிரிலேயே புதிதாக மாளிகை கட்டியிருந்தார். அதற்குத் தேக்கு எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று கேட்டவர்கள் இருவர். இருவரும் இப்போது வேறு ஊரில் இருக்கிறார்கள்.

ஒரு நாள் பிரதானி கூழையாற்று நாட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். சித்தாண்டி பிறந்த நாடு அது.

"மகாராஜா, மேற்கே ஆமைக்கரடு என்றொரு மலை. அங்கே பிறக்கும் கூழையாறு கடல் வரை போவதில்லை. பாதி வழியில் ஒரு பெரிய ஏரியில் முடிந்துவிடுகிறது. மலைமேல் பெருமாள், ஆற்றோரம் ஈஸ்வரன், ஏரிக்கரையில் கரையடைத்தாள் அம்மன். முன்பு ஒரு பெருமழையில் கரை உடைந்ததாம். மண் சுமக்க வந்த ஒருத்தி கூடையோடு உடைப்பில் இறங்கி நின்றாளாம். கரை நின்றது, அவள் கரையேறவில்லை. அவளே அம்மனானாள். அன்று முதல் அந்த நாட்டில் பஞ்சம் என்பதே கிடையாது."

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படிப்பட்ட அம்மன் ஓர் ஏரிக்கரையில் எதற்கு இருக்க வேண்டும்? தலைநகரில் அல்லவா இருக்க வேண்டும்!"

இதற்குத்தான் பிரதானி காத்திருந்தார். "உத்தரவு, மகாராஜா. அழைத்து வர நம் விகடரே தகுந்தவர். சொந்த நாட்டுக்காரர். அம்மன் இறங்க, அடியேன் மாளிகை வாசலையே தருகிறேன்."

பிரதானியின் கணக்கு லேசானது. சித்தாண்டி அம்மனைத் தூக்கி வந்தால் சொந்தச் சனம் முகத்தில் துப்பும். தூக்காவிட்டால் ராஜா தலையை வாங்குவார். அம்மன் வந்துவிட்டால் தினமும் ராஜா கும்பிட வந்து நிற்பது பிரதானி வாசலில்.

சித்தாண்டிக்கும் இதெல்லாம் புரிந்தது. அவன் கவலை வேறொன்று. அம்மன் கரையில் இருந்தால்தான் நாட்டு சனம் வருஷத்துக்கு ஒரு முறை அங்கே கூடும். கூடினால்தான் ஐப்பசி மழைக்கு முன்னால் கரை பலப்படும். கரைக்குக் கீழே இருந்த வீடுகளில் ஒன்று அவன் அக்காவுடையது. அம்மனைத் திரும்பக் கொண்டுபோய் வைக்காமல் ஓய்வதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தான். முகத்தில் மட்டும் ஒன்றும் காட்டவில்லை.

"மகாராஜா, அம்மன் மட்டும் வந்தால் போதுமா? புரட்டாசித் திருவிழாவும் வர வேண்டுமா?"

"திருவிழா இல்லாமல் அம்மன் எதற்கு? எல்லாம் வரட்டும்!"

"சடங்குகள் கொஞ்சம் அதிகம். எதையாவது குறைத்துக்கொண்டு..."

பிரதானி இடைமறித்தார். "ஓய் விகடரே, தப்பிக்கப் பார்க்காதீர்! ஒரு சடங்கும் குறையக் கூடாது. குறைத்தவன் தலையை வாங்கிவிட வேண்டும், மகாராஜா!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

"பிரதானியாருக்கு அந்தச் சடங்குகள் எல்லாம் தெரியும்தானே?" என்று கேட்டான் சித்தாண்டி.

கூழையாற்று நாட்டின் பக்கம் பிரதானி தலைவைத்துப் படுத்தது கூட இல்லை. சபையில் அதைச் சொல்லிக்கொள்ள முடியுமா? "எல்லாம் தெரியும்!" என்றார்.

சித்தாண்டி ஊர் போய்ச் சேர்வதற்குள் செய்தி முந்திக்கொண்டு போய்விட்டது. ஏரிக்கரையில் ஊரே திரண்டு நின்றது. முன்னால் அக்கா சிலம்பாயி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு.

"வாடா அரண்மனை! ராஜா சோறு தின்ன வாய்க்கு ஆத்தாளையே தூக்கிக் கொடுக்க வந்துட்டியா?"

"அக்கா, கொஞ்சம் கேளு..."

"என்னத்தக் கேக்குறது? ஆத்தா இல்லாத கரைக்கு எவன்டா வருவான்? கரை போச்சுன்னா என் வூடு மொதல்ல போகும். அப்புறம் நீ யாரைச் சிரிக்க வப்ப?"

கூட்டத்தில் ஒருவன், "இவனை ஏரியில தள்ளுங்கப்பா, கரைக்கு ஒரு கூடை மண்ணாவது மிச்சம்" என்றான். இரண்டு பேர் வேட்டியை மடித்தும் கட்டிவிட்டார்கள்.

சித்தாண்டி நகரவில்லை. "ஆத்தா போகட்டும். நாமளும் கூடவே போவோம். வழக்கப்படி வூட்டுக்கு ஒரு கூடை. ஒரு வூடு தப்பக் கூடாது."

சிலம்பாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். தம்பி முகத்தில் விளையாட்டு இல்லை. "அந்தக் கூடை கரைக்குத் திரும்பி வருமாடா? மழைக்கு நாளு அதிகமில்ல."

"வரும். வரலைன்னா நானே போய் உடைப்புல படுத்துக்கறேன்."

அவள் சட்டென்று திரும்பினாள். வீட்டுக்குப் போய்க் கூடையை எடுத்து வந்தாள்.

புரட்டாசிக் கடைசியில் அம்மன் பல்லக்கில் தலைநகர் வந்தாள். ஏரிக்கரையில் இருப்பது போலவே கிழக்கே, அதாவது அரண்மனையைப் பார்த்து, இறக்கினார்கள். முதுகுக்கு நேர்ப்பின்னால் பிரதானியின் மாளிகைக் கதவு. பிள்ளைவாள் பட்டு அங்கவஸ்திரம் போட்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "அம்மன் நம் வாசலைத்தான் கேட்டாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி மாடியில் பந்தல் போட்டு உறவு முழுவதையும் அழைத்திருந்தாள்.

விடிந்ததும் பம்பை முழங்கியது. ராஜா உப்பரிகையில் வந்து உட்கார்ந்தார். தெரு முனையில் கூழையாற்று நாட்டுச் சனம் வரிசையாக வந்தது. ஒவ்வொரு தலையிலும் ஒரு கூடை.

"பூவா, பழமா?" என்று கேட்டார் ராஜா.

"வழக்கமான காணிக்கை, மகாராஜா" என்றான் சித்தாண்டி.

முதல் ஆள் அம்மனைக் கும்பிட்டான். சுற்றிப் பின்பக்கம் போனான். கூடையைக் கவிழ்த்தான். கறுப்பான, ஈரமான ஏரி மண் பிரதானி வாசல்படியில் பொத்தென்று விழுந்தது. இரண்டாவது ஆள் வந்தான். பிறகு பத்துப் பேர், நூறு பேர். கும்பிடுவதும் கவிழ்ப்பதும் போவதும்தான். உச்சிக்குள் படி மறைந்தது. கோலம் மறைந்தது. தேக்குக் கதவில் செதுக்கிய யாளி இரண்டும் மூக்கு வரை முங்கின. கதவைத் திறக்க முடியாமல் உள்ளே இருந்து பிரதானி போட்ட கூச்சலை பம்பைச் சத்தம் அமுக்கிவிட்டது. கடைசியில் மாடி ஜன்னலுக்கு ஏணி வைத்து அவரை இறக்கினார்கள். பாதி ஏணியில் அங்கவஸ்திரம் ஆணியில் மாட்டிக்கொண்டது. அவர் இறங்கினார்; அது இறங்கவில்லை.

"விகடரே! என்ன இது?" ராஜா எழுந்து நின்றுவிட்டார்.

"சடங்கு, மகாராஜா. வீட்டுக்கு ஒரு கூடை ஏரி மண் அம்மனின் முதுகுப் பக்கம் போட வேண்டும். பிரதானியார் சொல்லவில்லையா? எல்லாம் தெரியும் என்றாரே."

"எப்போது முடியும்?"

"ஆற்றோர ஊர்கள்தான் வந்திருக்கின்றன. மலையடி ஊர்கள் நாளைக்கு வரும். பிறகு அடுத்த புரட்டாசிக்கு."

பிரதானி சேறும் வியர்வையுமாக ஓடி வந்தார். வரிசையில் முதலில் நின்றவளைப் பார்த்துக் கத்தினார். "நிறுத்து! இன்னொரு கூடை விழுந்தால் என் வீடே போய்விடும்! காவலர்களே, இவளைத் துரத்துங்கள்!"

அவள் சிலம்பாயி. கூடையை இறக்காமலே கேட்டாள்: "ஏஞ்சாமி, நான் வூட்டுக்காரி இல்லையா? என் கூடை மட்டும் கசக்குதோ?"

சித்தாண்டி சட்டென்று உப்பரிகையைப் பார்த்துக் கும்பிட்டான். "மகாராஜா! ஒரு சடங்கு குறைகிறது. குறைப்பவர் யார் என்று சபையே பார்க்கிறது. உத்தரவு என்னவென்று பிரதானியாரே சொல்லட்டும்."

பம்பை நின்றது. பிரதானியின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. ராஜா அவரையே பார்த்தார்.

பிள்ளைவாள் மெல்லக் குனிந்தார். "தாயே, கூடையைக் கொடு" என்றார். சிலம்பாயி கொடுத்தாள். அனவரத பிள்ளை, தன் வாசலில், தன் கையால், தன் கதவின் மேலேயே அந்த மண்ணைக் கொட்டினார்.

"நல்லா ஓரமாத் தட்டிப் போடுங்க சாமி, சரிஞ்சு வருது" என்றாள் சிலம்பாயி.

ராஜா சிரிக்க ஆரம்பித்தார். உட்கார்ந்து சிரித்து, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "விகடரே, அந்த ஊரில் மட்டும் இவ்வளவு மண்ணை என்ன செய்கிறார்கள்?"

சித்தாண்டி அப்போது சிரிக்கவில்லை. "அங்கே அம்மனின் முதுகுக்குப் பின்னால் ஏரிக்கரை இருக்கிறது, மகாராஜா. ஏரியில் அள்ளிய மண்ணைக் கரையில் போடுகிறார்கள். ஏரி ஆழமாகிறது, கரை உயர்கிறது. அந்த நாட்டுக்குப் பஞ்சம் வராதது அதனால்தான். இந்த வருஷத்துக் கரை இதோ, பிரதானியார் வாசலில் கிடக்கிறது. மழையோ வந்துகொண்டிருக்கிறது."

ராஜா உப்பரிகையிலிருந்து இறங்கி வந்து அந்த மண்மேட்டைப் பார்த்தார். பிறகு கழுத்திலிருந்த முத்து மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "இது என்னைச் சிரிக்க வைத்ததற்கு. வேறு என்ன வேண்டும், கேளும்."

"அரண்மனை வண்டி அத்தனையும் வேண்டும், மகாராஜா. இன்றைக்கே."

"எடுத்துக்கொள்ளும். மண்வெட்டி பிடிக்கப் பிரதானியார் வீட்டு ஆட்கள் வருவார்கள். பிரதானியாரும் வருவார். வாசல் அவருடையதல்லவா?"

அம்மன் முன்னால் போக, வண்டிகள் பின்னால் போயின. மலையடி ஊர்க்காரர்களைப் பாதி வழியில் திருப்பிக் கூட்டிக்கொண்டார்கள். கடைசிக் கூடை விழுந்த அன்று மாலையே ஆமைக்கரட்டின் மேல் இடி இடித்தது. ஏரி நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் மறுகாலில் பாய்ந்தது. கரை அசையவில்லை. சிலம்பாயி வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை.

அடுத்த புரட்டாசிக்கு ராஜாவே பல்லக்கு ஏறி ஏரிக்கரைக்கு வந்தார். முழங்கால் வலி அன்றைக்கு மட்டும் எங்கே போயிற்றோ தெரியாது. சித்தாண்டி ஒரு சின்னக் கூடையில் இரண்டு கைப்பிடி மண் வைத்து நீட்டினான்.

"என்ன விகடரே, இவ்வளவுதானா?"

"மகாராஜாவுக்கு இது போதும். பிரதானியாருடையதுதான் பெரிய கூடை."

பின்னால் அனவரத பிள்ளை கழுத்து நரம்பு புடைக்க வந்துகொண்டிருந்தார். ராஜா திரும்பிப் பார்த்தார். அவர் சிரித்த சிரிப்பில் கரையில் நின்ற கொக்கெல்லாம் பறந்தன. அங்கேயே, அந்த ஏரித் தண்ணீர் பாயும் நல்ல நிலம் ஒன்றைச் சித்தாண்டிக்கு மானியமாக எழுதிக் கொடுத்துவிட்டு, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.