கரி பூசின புள்ளிக்கோழி

மலைக்கு இந்தப் பக்கம், ஆத்துக்கு அந்தப் பக்கம், ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊர்ல ஒரு மாமியாளும் ரெண்டு மருமகளும் இருந்தாகளாம். மூத்தவ பேரு சொர்ணத்தா, இளையவ பேரு மாடத்தி. மாமியா பெத்த ரெண்டு ஆம்பளப் பிள்ளையும் ஒரே காய்ச்சல்ல போய்ச் சேர்ந்துட்டாக. அப்புறம் மாமியாளும் படுத்துட்டா. சாகப்போற நேரத்துல ஊர்ப் பெரியவுகளக் கூப்பிட்டு வச்சுக்கிட்டு, மருமக்க கையில ஆளுக்கொரு கோழியக் குடுத்தாளாம்.

"அடியே, எங்கிட்ட நகையும் இல்ல, நெலமும் இல்ல. இந்த வீடும் முத்தமும் எங்கப்பன் எனக்குக் குடுத்தது. இந்தக் கோழி வம்சம் இந்த முத்தத்துல மேயுற வரைக்கும் ஒங்களுக்கு இங்க பங்கு. எவ கோழி அத்துப்போகுதோ, அவ பங்கும் அத்துப்போச்சு. கோழியக் காப்பாத்தாதவ வீட்டயா காப்பாத்தப்போறா?"

சொல்லிட்டுக் கண்ண மூடிட்டா. ரெண்டும் சண்ட போட நேரமில்லாம கோழி பின்னாடியே ஓடட்டும்னு நெனச்சிருப்பா, பாவம். வெனையே அதுலதான் வந்துச்சு.

சொர்ணத்தா கோழி பெருகிப் பெருகி முத்தம் நெறைஞ்சுபோச்சு. மாடத்திக்கு ராசி இல்ல. பருந்து தூக்கினது கொஞ்சம், கீரி இழுத்தது கொஞ்சம், வெள்ளக்கழிச்சல்ல செத்தது மிச்சம். கடைசியில ஒரே ஒரு புள்ளிக்கோழி நின்னுச்சு. மாடத்திக்குப் பொறந்த வீடும் இல்ல, அண்ணன் தம்பியும் இல்ல. அந்தக் கோழி போனா அவளுக்குத் தெருதான்.

ஒருநா விடியக்காலம் கீரி வந்து புள்ளிக்கோழி முதுகக் கடிச்சுக் கிழிச்சுப்போட்டுச்சு. மாடத்தி வாயில வயித்துல அடிச்சுக்கிட்டு ஓடியாந்தா. அழுதுக்கிட்டு உக்காந்தா புண்ணு ஆறுமா? வெதுவெதுன்னு தண்ணி வச்சு, உப்பும் மஞ்சளும் போட்டுக் கழுவினா. புண்ணுல ஒட்டின எறக ஒண்ணொண்ணா எடுத்தா. வேலியோரம் போயி குப்பைமேனி பறிச்சாந்து, பச்ச மஞ்சளோட அம்மியில வச்சு அரைச்சு அப்பினா. ஈ மொய்க்காம இருக்க வேப்பெண்ணெய். அதுக்கும் மேல, பானையடிக் கரியச் சொரண்டி வேப்பெண்ணெயில கொழைச்சு, ரத்தச் செவப்பே தெரியாம கருக்கருன்னு பூசினா.

கரி என்னத்துக்குன்னு கேக்கீகளா? கோழி நல்ல சாதிதான், ஆனா செவப்பக் கண்டா அதுக்குப் புத்தி நிக்காது. கூட மேஞ்சது, கூட அடைஞ்சதுன்னு பாக்காது, கொத்திக் கொத்தியே கொன்னுபோடும். அதான் கரியும் பூசி, தனியா ஒரு பஞ்சாரக் கூடையப் போட்டுக் கவுத்து வச்சா.

இதயெல்லாம் சொர்ணத்தா வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. 'இந்த ஒத்தக் கோழி செத்துச்சுன்னா முத்தம் பூராவும் நமக்குத்தானே'ன்னு அவ மனசு சொல்லுச்சு.

மறுநா மாடத்தி பச்செல பறிக்கப் போனா. சொர்ணத்தா ஈரத்துணிய எடுத்து, "வாடி என் தங்கம், அழுக்காயிட்டியே"ன்னு கரியத் தொடச்சா. பஞ்சாரத்தத் தூக்கிவிட்டு, தங் கோழிகளுக்குக் கம்ப அள்ளி அங்கயே எறைச்சா. அதுக கம்பயும் கொத்துச்சு, புண்ணயும் கொத்துச்சு. மாடத்தி வந்து பாத்துட்டு, "பஞ்சாரத்தச் சரியா கவுக்கலியே நானு"ன்னு தன்னையே திட்டிக்கிட்டு மறுபடி மருந்து போட்டா.

அடுத்த நாளும் அவ எலைக்குப் போனா, இவ தொடச்சா, அதுக கொத்துச்சு. மாடத்தி மறுபடி மருந்து போட்டா.

அதுக்கடுத்த நா மாடத்தி போன வேகத்துல திரும்பிட்டா, எலை பறிச்சுப் போடுற ஓலப்பெட்டிய மறந்துட்டுப் போயிட்டா. வந்து பாத்தா, சொர்ணத்தா கையில ஈரத்துணி! மாடத்தி ஓடிப்போயி அவ கையப் புடிச்சா.

"யக்கா, வேண்டாம். எங் கோழிக்காகச் சொல்லல, ஒங் கோழிக்காகச் சொல்லுதேன். ரத்த ருசிய அதுகளுக்குக் காட்டாத. நாளைக்குச் சொந்தம் பாக்காது."

"போளா, எங் கோழிக்கு நீ வைத்தியம் சொல்ல வந்துட்டியாக்கும்! அடுத்தவ கோழியக் கொத்தும், தங் கூட்டத்தயா கொத்தும்?"

மாடத்தி தங் கோழிய நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டுப்போயி, அடுப்படியிலயே வச்சுப் பாத்துக்கிட்டா. புண்ணு காஞ்சு பொருக்குத் தட்டி, பொருக்கு உதுந்து, புதுத்தோலு வந்துச்சு. அந்த எடத்துல மட்டும் எறகு மொளைக்கல. அப்புறம் அது முட்டையிட்டு அடைக்கும் உக்காந்துச்சு.

இங்க முத்தத்துல என்ன ஆச்சு? சொர்ணத்தா சேவலு முள்வேலியில பூந்து கொண்டையக் கிழிச்சுக்கிச்சு. ஒரு சொட்டு ரத்தந்தான். எல்லாக் கோழியும் சேந்து அதக் கொத்தித் தீத்துருச்சு. அப்புறம் முட்டையிட்டு எந்திரிச்ச கோழியக் கொத்துச்சு. அப்புறம் ஒண்ண ஒண்ணு கொத்துச்சு. சொர்ணத்தா தலைவிரிகோலமா ஓடியாந்தா.

"ஏளா மாடத்தி! என் வயித்துல அடிச்சுப்போடாத. அந்த மருந்தக் குடு!"

மாடத்தி அம்மி முன்னால உக்காந்து அரைச்சா, எண்ணெய் கொழைச்சா, ஒவ்வொரு கோழியாப் புடிச்சுத் தங் கையாலயே பூசினா. அத்தனைக்கும் தனித்தனிப் பஞ்சாரத்துக்கு எங்க போக? பூசிவிட்ட கையோட அதுக கரியையும் சேத்துக் கொத்துச்சு.

"புண்ணுக்கு மருந்து இருக்குக்கா. பழகின ருசிக்கு எங்கிட்ட மருந்து இல்ல"ன்னு சொல்லிட்டு மாடத்தி அழுதா. அந்தக் கோழிகளுக்காகத்தான் அழுதா. புள்ளிக்கோழி குஞ்சு பொரிக்கிறதுக்குள்ள சொர்ணத்தாளுக்கு ஒத்தக் கோழி மிஞ்சல.

ஊர்ப் பெரியவுக வந்தாக. "மாமியா சொன்ன சொல்லு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஒன் பங்கு அத்துப்போச்சு, கெளம்பு தாயீ"ன்னுட்டாக. சொர்ணத்தா துணிய மூட்டையாக் கட்டிக்கிட்டுப் படியெறங்கினா. ஒருத்தர் முகத்தயும் அவளால ஏறிட்டுப் பாக்க முடியல.

மாடத்தி ஓடிப்போயி ஒரு குஞ்சத் தூக்கியாந்து அவ மடியில போட்டா.

"இதுவும் அத்தை குடுத்த வம்சந்தான். இது இங்க மேயட்டும், நீயும் இங்கயே இரு, யக்கா."

சொர்ணத்தா அந்தக் குஞ்சக் கையில வச்சுக்கிட்டு நின்னா. குஞ்சு கத்துச்சு. தாய்க்கோழி கேட்டுட்டு ஓடியாந்து, எறகில்லாத முதுகோட அவ காலையே சுத்திச் சுத்தி வந்துச்சு. அந்த முதுகப் பாத்தா பாருங்க, மூட்டையக் கீழ போட்டுட்டு அப்படியே மண்ணுல உக்காந்து ஓன்னு அழுதா. யாரும் அவள அடிக்கல, வையல. ஆனா அந்தக் கோழி சாகுற வரைக்கும் காலையில எந்திரிச்சா அந்த முதுகுலதான் அவ முழிக்கணும்.

அதனாலதான் சொல்றது, அடுத்தவ புண்ணு மேல இருக்குற மருந்தத் தொடைக்காதீக, அத நாலு பேருக்குத் தொறந்து காட்டாதீக. அவுக ஊர்க் கோழி அவுக முத்தத்துல அடைஞ்சிருச்சு, நம்மூர்க் கோழி நம்ம பஞ்சாரத்துல அடைஞ்சிருச்சு, கதையும் அடைஞ்சிருச்சு.