அடுப்புக்குப் போகாத கட்டை

தினமும் அடி வாங்கும், ஆனால் அடுப்புக்குப் போகாது. அது எது? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

கல்யாண மண்டப முதலாளி தாண்டவமூர்த்தி, விறகு பிளக்கும் செவந்தியிடம் சொன்னார்: "பொழுது சாயும்போது முற்றத்தில் பிளக்காத மரம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. முடித்தால் இங்கே பிடித்ததை எடுத்துக்கோ. மிஞ்சினால் வேலை போச்சு!"

பட், பட்டென்று கோடாலி விழுந்தது. செவந்தியின் மகள் பேச்சி ஓடி ஓடி அடுக்கினாள். வெயில் இருக்கும்போதே குவியல் தீர்ந்தது!

முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த முதலாளி சிரித்தார். விறகை நிறுத்திப் பிளக்கும் அடிக்கட்டையைக் காட்டினார்.

"இது மரமில்லையா?"

செவந்தி கோடாலியைத் தாழ்த்தினாள். பேச்சி துள்ளி முன்னே வந்தாள்.

"பிளந்துடலாம் முதலாளி! கருங்கல் தரையில் வைத்தால் கோடாலி வாய் மழுங்கிடும். கொஞ்சம் எழுந்திருங்க, உங்க நாற்காலிமேல் வைத்துப் பிளக்கிறோம். அப்புறம் நாற்காலியையும் பிளக்கணும். அதுவும் மரம்தானே!"

சமையல்காரர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். முதலாளி தன் தேக்கு நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் தாயே, வேலை முடிஞ்சுது! என்ன வேணும், கேளு. நாற்காலியைத் தவிர!"

பேச்சியின் வீட்டில் வெறும் தரையில்தான் விறகு பிளப்பார்கள்.

அவள் அடிக்கட்டையை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.