முந்தைய கடிதம்

1996 செப்டம்பர் 13, காலை ஆறே முக்கால். சிவக்கொழுந்து நான்காவது தாளையும் கசக்கிப் போட்டார்.

அவருக்கு வயது அறுபத்தொன்று. தாலுகா அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்து, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். சிறுமலை அடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

குரு தவமணி அம்மாள் அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். அன்று சமையல் முறை குருவுடையது. வாழைத்தண்டை நறுக்கி, நாரை விரலில் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஹெட்கிளார்க் ஐயா, இங்கேயும் ஆபீஸ் திறந்தாச்சா?"

"ஒரு இங்கிலீஷ் வார்த்தைம்மா. தமிழ்ல சரியா வரமாட்டேங்குது."

"என்ன வார்த்தை?"

"டிஸ்ரிகார்ட். தப்பா ஒரு கடிதம் போயிட்டா, 'முந்தைய கடிதத்தை டிஸ்ரிகார்ட் செய்யவும்'னு அடுத்ததை அனுப்புவோம். முதல் கடிதம் வராத மாதிரி ஆயிடும். பொருட்படுத்த வேண்டாம்னு எழுதினேன், நோட்டீஸ் மாதிரி இருக்கு. கண்டுக்காதேன்னா சண்டை மாதிரி இருக்கு."

"யாருக்கு எழுதுறீங்க?"

"மக மங்கைக்கு. துறையூர்ல இருக்கா. மூணு வருஷம் முன்னாடி அவ இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. 'இனி உனக்கு அப்பா கிடையாது, என் சாவுக்கும் வராதே'ன்னு எழுதிட்டேன்."

தவமணியின் கத்தி நிற்கவில்லை.

"ஆபீஸ்ல அந்த முதல் கடிதத்தைக் கிழிச்சிடுவீங்களா?"

சிவக்கொழுந்து சிரித்தார். "எப்படிம்மா? ஃபைல்ல பக்க எண் போட்டாச்சே. எடுத்தா வேலை போயிடும்."

"ரெண்டாவது கடிதம்?"

"அதுக்கு அடுத்த பக்கம்."

"புதுசா ஒரு அதிகாரி வர்றார். ரெண்டாவதைப் படிக்கிறார். அப்புறம் என்ன செய்வார்?"

"முந்தைய கடிதம்னு இருக்கில்ல? அது என்னன்னு பார்க்க முன்பக்கத்தைப் புரட்டி, அதை முழுசா..."

சிவக்கொழுந்து கசங்கிய தாள்களைப் பார்த்தார்.

தவமணி விரலில் சுற்றிய நாரைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"துறையூருக்கு எப்போ பஸ்?"

"எட்டேகாலுக்கு திருச்சி பஸ் இருக்கு. அங்கே மாறணும்."

"இட்லி வெந்திருக்கும். சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க. பேனா இங்கேயே இருக்கட்டும்."

"கதவைத் திறக்கலேன்னா?"

"திருச்சிக்குத் திரும்ப பஸ் இல்லாமலா போயிடும்? நாளைக்கு மறுபடி போங்க."

சிவக்கொழுந்து எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"அந்தக் கடிதத்தை எடுத்து என் முன்னாலேயே படிச்சுக் காட்டினா?"

"உட்கார்ந்து முழுசாக் கேளுங்க. மூணு வருஷமா அவ மட்டும்தானே படிச்சிக்கிட்டிருக்கா."

சிவக்கொழுந்து 2009 பிப்ரவரி 11, புதன்கிழமை காலமானார். துறையூரில், மகள் வீட்டில்.