தேன்சிட்டின் கழுத்துக் கோடு

பறவைகளுக்கெல்லாம் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், தேரிக்காட்டுத் தேன்சிட்டுகளில் ஆண் எது, பெண் எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே மினுப்பு. வெயில் பட்டால் நீலம், திரும்பினால் கத்தரிப்பூ நிறம். எங்கு பார்த்தாலும் செம்மணலாய்க் கிடந்த அந்தக் காட்டில் கண்ணுக்குக் குளிர்ச்சி அவை இரண்டும்தான்.

ஒரு பங்குனியில் பெண்சிட்டு உடைமரக் கிளையில் கூடு கட்டத் தொடங்கினாள். சிலந்தி நூலை வாயில் இழுத்து வந்து சுற்றினாள்.

"இங்க பாருங்க, இந்த நுனியைக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க."

"ஏட்டி, அது என் இறகுல ஒட்டிச்சுன்னா யாரு எடுக்கது? நீயே பாரு" என்று சொல்லிவிட்டு ஆண்சிட்டு உச்சிக்கிளைக்குப் போய்ப் பாட ஆரம்பித்தான்.

பத்து நாள். நூலும் காய்ந்த பட்டையும் புழு எச்சமும் சேர்த்து அவள் ஒருத்தியே கட்டினாள். மணல் விழாதபடி வாசலுக்கு மேலே சின்னக் கூரை ஒன்றும் வைத்தாள். பார்க்கிறவர்களுக்குக் காற்றில் வந்து மாட்டிய குப்பை மாதிரி இருக்கும். காக்கைக்குத் தெரியக் கூடாது என்றுதான் அப்படிக் கட்டினாள்.

இரண்டு முட்டை இட்டாள். அடைகாக்க உட்கார்ந்தால் முதுகு மினுப்பு வாசல் வழியே வெளியே தெரிந்தது. காக்கை கண்ணில் படக் கூடாது என்று இறங்கிப் போய்ச் சுடுமணலில் புரண்டாள். மினுப்பெல்லாம் தேய்ந்து முதுகு பழுப்பாகிவிட்டது. பசிக்குக் கற்றாழைப் பூவில் தேன் குடித்தபோது பூத்தூள் அப்பி வயிறு மஞ்சளாகிவிட்டது.

"நீங்களும் புரண்டுட்டு வாங்க. இல்லேன்னா கூட்டுப் பக்கம் வராதீங்க."

"உன் கோலத்துலயா? நாலு பேரு பாத்துச் சிரிக்கவா?"

மறுநாள் பனைமரத்தில் இருந்த காக்கை அவனை வம்புக்கு இழுத்தது.

"மினுக்கிக்கிட்டுத் திரியுதீரே, உமக்குன்னு ஒரு வீடு உண்டாவே?"

அவனுக்குப் பொறுக்கவில்லை. "வாரும், காட்டுதேன். பத்து நாளு பாடுபட்டுக் கட்டினது. ஒவ்வொரு நூலும் நான் இழுத்தது" என்று காக்கையைக் கூட்டிக்கொண்டு போய், அவள் வைத்த கூரைமேலேயே நின்று சிறகை விரித்துக் காட்டினான்.

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காக்கை போனது. அவள் தேன் குடிக்கப் போன நேரம் பார்த்துத் திரும்பி வந்தது. அவள் வந்து பார்த்தால் கூரை பிய்ந்து கிடக்கிறது, ஒரு முட்டையைக் காணோம்.

"இது கூடுன்னு காக்கைக்கு யாரு சொன்னது?"

அவன் அலகால் இறகைக் கோதினான்.

"கட்டினது நீங்கன்னு சொன்னீங்களா?"

அவன் உச்சிக்கிளைப் பக்கம் திரும்பினான்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. அது பொரிச்சுப் பறக்கணும். அந்த மினுப்பை உதிர்த்துட்டு வந்தா வாங்க. இல்லேன்னா உச்சிக்கிளையிலேயே இருந்துக்கிடுங்க."

அழுதுகொண்டே ஒவ்வொரு இறகாகப் பிடுங்கினான். கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டான்.

"இந்த ஒரு கோடு மட்டும் இருக்கட்டும்ட்டி. இல்லேன்னா என்னைப் பொம்பளைன்னுல்லா நினைப்பாங்க."

அவள் மிச்சமிருந்த முட்டைமேல் போய் உட்கார்ந்தாள்.

"இருக்கட்டும். காக்கையைக் கூட்டியாந்தது யாருன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

அந்த ஒரு குஞ்சு பொரித்துப் பறந்துவிட்டது.

அன்றையிலிருந்துதான் ஆண் தேன்சிட்டு வருஷா வருஷம் மினுப்பை உதிர்க்கிறது, அதுவும் கூட்டு வேலையெல்லாம் முடிந்த பிறகு. கழுத்தில் ஒரு கருநீலக் கோடு மட்டும் நிற்கும். அதை வைத்து ஆண் என்று கண்டுகொள்ளலாம். அடுத்த பங்குனிக்குள் அவனுக்கு எல்லாம் திரும்ப முளைத்துவிடும். அவள் மணலில் விட்டது விட்டதுதான். அது எங்கே போயிற்று என்று இன்றுவரை அவளை யாரும் கேட்டதில்லை.