அழுகைப் பாட்டின் கடைசி அடி

ஒஸ்தாப்புக்கு வயது ஐம்பத்து நாலு. பிழைப்புக்கு ரொட்டிக் கடை, உயிருக்கு அக்கார்டியன் என்ற துருத்திப் பெட்டி. அவனுடைய குரு ரெய்ஸல் அவனைவிடப் பதினைந்து வயது சின்னவள். அந்த மலையடிவாரத்து ஊர்களில் ஸ்லாவியர் கல்யாணமோ யூதர் கல்யாணமோ, வாசிக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாக மனுஷன் பெட்டியைச் சுமந்துகொண்டு அவள் பின்னாலேயே அலைகிறான்.

அன்று அவன் மகள் லேஸ்யாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் யூதர்கள். காலையிலேயே ரெய்ஸல் வீட்டுக் கதவைத் தட்டினான்.

“குருவே, கை நடுங்குது.”

“சின்னவளைப் போய் குருவேன்னு கூப்பிட்டா நடுங்காம என்ன செய்யும்? உட்காருங்க. என்ன விஷயம்?”

“அழுகைப் பாட்டை நானே வாசிக்கிறேன்னு ரெண்டு வீட்டுக்கும் வாக்குக் கொடுத்துட்டேன். நடுவுல துருத்தியில காத்து தீர்ந்துபோச்சுன்னா என்ன பண்றது?”

கல்யாணப் பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்து, அவள் பிறந்த வீட்டை நினைத்து அழும்வரை வாசிப்பது அங்கே வழக்கம். பாட்டு முடிந்த பிறகுதான் மாப்பிள்ளை உள்ளே வந்து அவள் முகத்தில் திரையை இறக்குவான். அப்புறம் அவள் அந்த வீட்டுப் பெண்.

“எத்தனை கல்யாணத்துல வாசிச்சிருப்பீங்க?” என்று கேட்டாள் ரெய்ஸல்.

“இருநூறு இருக்கும்.”

“எதுலயாவது காத்து தீர்ந்துச்சா?”

“இல்லை.”

அவள் தேநீர்க் கோப்பையை அவன் பக்கம் நகர்த்தினாள். “குடிங்க, ஆறிடும்.”

இவ்வளவு பெரிய பயத்துக்கு இவ்வளவுதானா பதில் என்று அவனுக்குக் கோபம் கோபமாக வந்தது.

மத்தியானம் கூடம் நிறைந்துவிட்டது. லேஸ்யா நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பா எதிரே நின்று வாசிக்க ஆரம்பித்ததுமே அவள் கண் கலங்கியது. மூன்றாவது அடியில் தேம்பித் தேம்பி அழுதாள். வாசலில் மாப்பிள்ளை வந்து நின்றான். இன்னும் ஒரே ஒரு அடிதான் பாக்கி.

ஒஸ்தாப் அதை வாசிக்காமல் முதல் அடிக்குத் திரும்பினான்.

“அப்பாவாச்சே, ஆசைக்கு இன்னொரு தடவை வாசிக்கட்டும்,” என்றாள் ஒருத்தி.

மூன்றாவது தடவையும் திரும்பினான். நாலாவது தடவையும் அப்படியே. லேஸ்யா அழுகையை நிறுத்திவிட்டு, அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று பயந்துபோய்ப் பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒஸ்தாப்பின் துருத்தியில் காற்று நிறையவே இருந்தது. கடைசி அடி நெருங்கும்போதெல்லாம் விரல்கள்தான் தாமாகவே ஓடிப்போய் ஆரம்பத்தில் ஒளிந்துகொண்டன.

ரெய்ஸல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு கையாலும் துருத்தியை அழுத்தி மூடி, அது விரியாதபடி வாரை மாட்டினாள்.

“கடைசி அடி இன்னும் வாசிக்கலையே,” என்றான் ஒஸ்தாப், மெதுவாக.

“தெரியும்.”

“வாசிச்சா அவ போயிடுவா ரெய்ஸல். எனக்கு பயமா இருக்கு.”

அவள் பெட்டியை அவன் தோளிலிருந்து இறக்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். வாரை அவிழ்த்துவிட்டு, கடைசி அடியை அவசரப்படாமல் முழுசாக வாசித்தாள். மாப்பிள்ளை உள்ளே வந்தான். திரை இறங்கியது. நிறுத்தாமல் அப்படியே ஆட்டப் பாட்டுக்கு மாறினாள் ரெய்ஸல். கூட்டம் கைகோத்து வட்டம் கட்டியது.

ஒஸ்தாப்புக்குக் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

“இப்போ நான் என்ன பண்றது?” என்று கேட்டான்.

“கல்யாண வீட்டுல யார் கையையும் பிடிச்சு ஆட முடியாதவன் வாசிக்கிறவன் ஒருத்தன்தான்,” என்றாள் ரெய்ஸல். “இன்னைக்கு அது நான். அங்க பாருங்க, உங்க பொண்ணு எவ்வளவு நேரமா கையை நீட்டிக்கிட்டு நிக்கிறா.”