பதினேழாம் கூட்டின் கழுத்து

ஒரு மலையடிவாரத்தில் ஒரு துப்பாக்கி சுடும் சங்கம் இருந்தது. அதன் பின்னறை மேஜையில், குழிகள் வெட்டிய ஒரு மரத்தட்டில், இருபது பித்தளைக் கூடுகள் குடியிருந்தன.

தோட்டாவின் உடம்பு என்பது இந்தக் கூடுதான். வயிற்றில் மருந்து இருக்கும், வாயில் குண்டு இருக்கும். சுட்டதும் மருந்து புகையாகிவிடும், குண்டு போய்விடும், கூடு மட்டும் சூட்டோடு தரையில் விழும். அதைப் பொறுக்கி வந்து துடைத்து மறுபடி நிரப்பினால் மறுபடியும் தோட்டா. சங்கத்தில் அந்த வேலையைப் பார்த்தவர் அருளப்பன்.

கூட்டின் உடம்பில் கழுத்துக்குத்தான் வேலை அதிகம். குண்டை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். நேரம் வந்ததும் விட்டுவிட வேண்டும். பிடி தளர்ந்தால் குண்டு உள்ளே நழுவும். நழுவிய தோட்டா குறி தவறும். கெட்ட வேளையாக இருந்தால் துப்பாக்கியையே கெடுத்துவிடும்.

இருபது குழிகளில் நான்கு காலியாகியிருந்தன. அந்த நான்கு கூடுகளின் கழுத்தும் பிடிக்கவில்லை. தவறிக்கூட யாரும் மறுபடி நிரப்பிவிடக் கூடாது என்று அருளப்பன் அவற்றின் வாயைக் குறடால் நசுக்கி, ஜன்னலோரத்து பிஸ்கட் டப்பாவில் போட்டிருந்தார். தட்டிலிருந்து பார்த்தால் டப்பா நன்றாகத் தெரியும்.

பதினேழாம் குழியில் இருந்த கூட்டை எல்லோரும் பதினேழு என்றே அழைத்தார்கள். அது பதினான்கு முறை சுடப்பட்டிருந்தது. சுடும்போதெல்லாம் அதன் கழுத்து விரியும். அடுத்த நாள் அழுத்தும் இயந்திரத்தில் மாட்டியிருந்த எஃகு அச்சு அதைப் பழைய அளவுக்கு இறுக்கும். விரிவதும் இறுகுவதுமாகவே அதன் காலம் போயிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அருளப்பன் வழக்கம்போல் பதினேழை அச்சுக்குள் செலுத்தி எடுத்தார். வாயில் ஒரு குண்டைச் செருகினார். குண்டின் நுனியை மேஜை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். பிடிக்கிற கழுத்தாக இருந்தால் குண்டு அசையாது. குண்டு சரக்கென்று உள்ளே போய்விட்டது.

"நீயுமா?" என்றார் அருளப்பன். குறடு எங்கே என்று அவர் கண் ஒருமுறை தேடியது.

அதைப் பதினேழு பார்த்துவிட்டது.

"என்னய்யா பிடி இது?" என்றது உள்ளே விழுந்து கிடந்த குண்டு. "விருந்தாளியை வா என்றும் சொல்லாமல் போ என்றும் சொல்லாமல் வாசலில் நிறுத்திவைத்த மாதிரி இருக்கிறது."

"பிடிக்கத்தான் பார்க்கிறேன்," என்றது பதினேழு.

"எத்தனை தடவை சொல்வது உனக்கு?" என்றது அச்சு. "நான் இறுக்கிய இடத்தில் நில். அவ்வளவுதான் நான் கேட்பது."

"நிற்கிறேன். நீங்கள் விட்டதும் ஒரு மயிரிழை தானாக விரிந்துவிடுகிறது. நான் வேண்டுமென்று செய்யவில்லை."

"முதல் வருஷம் நின்றாயே?"

"முதல் வருஷம் நான் மெத்தென்று இருந்தேன். வைத்த இடத்தில் இருந்தேன். இப்போது உடம்பு முறுக்கிக்கொண்டுவிட்டது."

"அதற்குப் பெயர்தான் திமிர்," என்றது அச்சு. அது நல்ல எஃகு. பிறந்த நாளிலிருந்து ஒரே அளவில் இருப்பது. அளவு மாறுகிறவர்கள் எல்லோரும் வேண்டுமென்றே மாறுகிறார்கள் என்று அது நம்பியிருந்தது.

அருளப்பன் குறடை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போட்டி. புதுக் கூடுகள் வர இன்னும் ஒரு மாதம் ஆகும். பழுது எங்கே என்று தேடிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தார்.

முதலில் குண்டின் மேல் சந்தேகப்பட்டார். காலிப்பரை எடுத்து அதன் இடுப்பை அளந்தார்.

"குண்டு சரியாக இருக்கிறது," என்றது காலிப்பர்.

"நான்தான் சொன்னேனே," என்றது குண்டு.

"நீ சொன்னதற்காக நான் சொல்லவில்லை. எனக்கு யாரும் வேண்டியவர் இல்லை."

பிறகு கழுத்துக்குள் எண்ணெய் ஒட்டியிருக்குமோ என்று குச்சியில் பஞ்சைச் சுற்றித் துடைத்தார். பஞ்சு சுத்தமாக வந்தது. அச்சைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி மாட்டினார். அதிலும் குறை இல்லை.

கடைசியில், பிடிக்காததை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் பிடிக்கும் என்று நினைத்தார். அப்படி நினைக்காதவர்கள் குறைவு. பதினேழை மறுபடி அச்சுக்குள் விட்டார். எடுத்தார். மறுபடி விட்டார். நான்காவது தடவை அளந்தபோது காலிப்பர் தயங்கியது.

"சொல்," என்றது அச்சு.

"முதல் தடவையைவிட இப்போது அதிகம் விரிந்திருக்கிறது."

தட்டில் இருந்த பதினைந்து கூடுகளும் ஜன்னலோரத்து டப்பாவைப் பார்த்தன. அவற்றுக்கும் பதினான்கு சூடுதான் கணக்கு. இன்றைக்கு இது, நாளைக்குத் தாங்கள் என்று அவற்றுக்குத் தெரியும்.

"ஒன்று சொல்லவா?" என்றது பதினேழு. "ஒவ்வொரு தடவை இறுக்கும்போதும் எனக்குள் ஏதோ கல்லாகிக்கொண்டு வருகிறது. கல் எதையும் பிடிக்காது ஐயா. என்னை டப்பாவிலேயே போட்டுவிடச் சொல்லுங்கள். களைத்துவிட்டேன்."

"இறுக்குவதுதான் என் வேலை," என்றது அச்சு.

அப்போது கமலவேணி உள்ளே வந்தாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சுடப்போகிறவள் அவள்தான்.

"என்னண்ணே, அதே கூட்டையே கட்டிக்கிட்டு அழுறீங்க? இட்லியா அது, திரும்பத் திரும்ப அவிக்க?"

"பிடிக்க மாட்டேங்குது வேணி. நாலு தரம் இறுக்கிட்டேன். இறுக்க இறுக்க மோசமாத்தான் போகுது."

அவள் கூட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "எங்க சித்தப்பா குடம் தட்டுவாரு, தெரியும்ல? ஒரு சுத்து தட்டினா ஒரு தரம் உலையில காட்டுவாரு. காட்டாம தட்டிக்கிட்டே இருந்தா முறுக்கேறி ஒரு நாளைக்கி டொப்புனு கீறிக்கும்பாரு."

"இது குடம் இல்லம்மா."

"பித்தளைதானே?"

அருளப்பன் தலையில் லேசாகத் தட்டிக்கொண்டார். "பதினாலு தரம் இறுக்கிப்புட்டு, இது மேலயே குத்தம் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன் பாரு."

"நீங்க எங்க மேலயும் அப்படித்தானே சொல்லுவீங்க," என்றாள் வேணி. "சுடுறப்ப புள்ளி விழலேன்னா, இன்னும் இறுக்கிப் பிடி, இன்னும் இறுக்கிப் பிடின்னு."

அவர் அலமாரியிலிருந்து கையடக்கமான ஒரு கேஸ் பர்னரை எடுத்தார். மருந்தும் இல்லாத, அதைப் பற்றவைக்கும் கேப்பும் இல்லாத வெறும் கூட்டை அடிப்பக்கமாக விரல் நுனிகளில் பிடித்துக்கொண்டார்.

"குறடால பிடிங்கண்ணே. சுடும்."

"குறடுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நீ தள்ளி நில்லு."

நீலச் சுடர் சீறிக்கொண்டு வந்தது.

"வேண்டாம்," என்றது பதினேழு. "நெருப்பை எனக்குத் தெரியும். பதினான்கு தடவை பார்த்திருக்கிறேன்."

"நீ பார்த்தது வேறு நெருப்பு," என்றது சுடர். "அதற்கு அவசரம். குண்டைத் தள்ளிவிட்டு ஓட வேண்டும். நீ அதற்கு வழி. வழியை யார் கவனிப்பார்கள்?"

"நீ?"

"எனக்குப் போக வேறு இடம் இல்லை. உன் கழுத்துக்காகத்தான் என்னை மூட்டினார்கள். உன் அடியைத் தொட மாட்டேன். நீ எழுந்து நிற்க அது வேண்டும்."

அருளப்பன் கூட்டை மெதுவாக உருட்டிக்கொண்டே இருந்தார். சுடர் கழுத்தைச் சுற்றி வந்தது. இத்தனை வருஷம் உள்ளே முறுக்கிக்கொண்டிருந்தவை ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. வலிக்கிறதா என்று பதினேழு தன்னையே கேட்டுக்கொண்டது. வலிக்கவில்லை. வெகுநாள் தூங்காதவனுக்குக் கண் செருகுவதுபோல் இருந்தது. இன்னும் இப்படியே இருக்கலாம் என்று தோன்றியது. அப்படி இருந்திருந்தால் கழுத்து வாழைத்தண்டாகியிருக்கும். அதுவும் எதையும் பிடிக்காது.

"ஸ்ஸ்," என்றார் அருளப்பன். கூடு அவர் விரல்களிலிருந்து நழுவி ஈரத்துணியில் விழுந்தது.

கழுத்தில் வைக்கோல் நிறமும் நீலமும் கலந்த ஒரு வளையம் தெரிந்தது.

ஆறியதும் அதை அச்சுக்குள் விட்டார். ஒரே தடவை. காலிப்பர் அளந்தது. இன்னொரு முறை அளந்தது. "நின்றுவிட்டது," என்றது. அதன் குரலில் லேசான சந்தோஷம் இருந்ததாக மற்றக் கூடுகள் பிறகு சொல்லிக்கொண்டன.

குண்டைச் செருகினார். நுனியை மேஜை விளிம்பில் வைத்தார். அழுத்தினார். இன்னும் அழுத்தினார்.

"யோவ், மூக்கு," என்றது குண்டு. ஒரு மயிரிழைகூட அது நகரவில்லை.

வேணி சிரித்தாள். "என் சித்தப்பாவுக்குத் தட்சிணை வைக்கணும் நீங்க." அருளப்பன் பதினேழைத் தட்டில் வைத்துவிட்டு, விரல்களை டம்ளர் தண்ணீரில் நனைத்தார். அடுத்த கூட்டை எடுத்தார். பிறகு அதற்கடுத்தது. சாயங்காலத்துக்குள் பதினாறு கழுத்துகளிலும் அந்த வளையம் இருந்தது. டப்பாவில் புதிதாக ஒன்றும் விழவில்லை.

அறையைப் பூட்டிக்கொண்டு அவர்கள் போன பிறகு அச்சுதான் முதலில் பேசியது. அதன் குரலில் பழைய அதட்டல் இல்லை.

"நானும் உன்னைச் சரிசெய்யத்தானே பார்த்தேன்?"

"ஆமாம்," என்றது பதினேழு. "நீங்கள் ஒரு நாளும் தப்பாக இறுக்கியதில்லை."

"அப்புறம்? காலிப்பர் இல்லாமல், கடிகாரம் இல்லாமல், எந்த நொடியில் நிறுத்த வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது?"

பதினேழு சொன்னது.

"அவருக்கும் சுட்டது."