மேலே தட்டுவது யார்?

கோடை வந்தால் ஜமீன்தாருக்கு மத்தியானத் தூக்கம் நிலவறையில்தான். ஆனால் மேலே, மரப்பலகைத் தளத்தில், அவருடைய இரண்டு வயதுப் பேரன் மரக்கரண்டியால் டொம் டொம் என்று தட்டிக்கொண்டே இருப்பான்.

பாய் முடையும் ஒச்சாயியைக் கூப்பிட்டார். "நாளைக்குள்ள சத்தம் நிக்கணும். இல்லேன்னா பிள்ளையையும் அவன் அம்மாவையும் அவ பிறந்த வீட்டுக்கே அனுப்பிடுவேன்!"

ஒச்சாயி தளமெங்கும் வைக்கோல் பரப்பி, அதன்மேல் கோரைப்பாய் விரித்தாள். பயல் பாயைச் சுருட்டிவிட்டுத் தட்டினான். சற்று நேரம் அவனையே பார்த்தவள், கீழே போய் ஜமீன்தாரின் கட்டிலைக் கிழக்கு மூலையிலிருந்து மேற்கு மூலைக்கு இழுத்துப் போட்டாள். சத்தமும் மேற்கே வந்துவிட்டது.

"இதுதான் உன் சாமர்த்தியமா?" என்று இருமிக்கொண்டே கத்தினார்.

"எசமான், நீங்க இருமுறது பலகை இடுக்கு வழியா மேலே கேக்குது. நீங்க இருமுற இடத்துலதான் தட்டுறான். தாத்தா கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே இருக்கார்னு நினைக்கிறான். கதவைத் தட்டுறவன் பாய் விரிச்சா நிறுத்துவானா, கதவைத் திறந்தா நிறுத்துவானா?"

ஜமீன்தார் படியேறிப் போய்ப் பேரனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

மறுநாள் மத்தியானம் ஒச்சாயி பாயை எடுக்க வந்தாள்.

"அது இருக்கட்டும்" என்றாள் மருமகள். "கீழே ரெண்டு பேரு குறட்டை விடுறாங்க. நான் தூங்க வேணாமா?"